ஒழுகாத பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டில் எதையாவது ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் முதலில் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன். இந்தப் பிள்ளை வாயில் பொய்யே வராது என்று ஊரில் சொல்லுவார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு சின்னக் கலக்கம் இருந்திருக்க வேண்டும். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு வளர்ந்தேன்.

எங்கள் ஊர் குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக்குப் போகிற வழியில், பெரிய சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. தினமும் காலை எட்டேகாலுக்கு ஒரு பள்ளிக்கூட வேன் எங்கள் வீட்டு வாசலைக் கடந்து போகும். மலையடிவாரத்துத் தோப்புக் குடியிருப்பில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற அரசாங்க வேன் அது. நானும் அக்காவும் படித்ததும் அதே பள்ளிக்கூடம்தான். வேனில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கும். ஆனாலும் எங்கள் ஊரில் அது நிற்காது. நாங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் புகையிலேயே நடப்போம்.

காரணம் ஒரு பழைய விதி. ஒரு மைலுக்குள் பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களுக்குத்தான் வேன் உண்டு என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் கிலோமீட்டரில் பேச ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்த விதி மட்டும் மைலிலேயே நின்றுகொண்டிருந்தது. அரசாங்கப் பட்டியலின்படி எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் உண்டு, அதுவும் எட்டாம் வகுப்பு வரை. ஒருகாலத்தில் இருந்தது உண்மைதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களுக்குப் போக, மிச்சமிருந்த ஒரே வாத்தியாரும் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தை மூடுகிறோம் என்று எந்த உத்தரவும் வரவில்லை. ஒருநாள் பூட்டியது பூட்டியபடி இருந்துவிட்டது. பிறகு யாரோ பூட்டை உடைத்து வைக்கோல் அடுக்கினார்கள். எங்கள் வீட்டு ஆடுகள் இரண்டாம் வகுப்பில் கிடந்தன. நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம் ஆடுகளும் அதே வகுப்பில் இருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வேன் டிரைவர் செங்கோட்டைக்காரர். மலையாளம் கலந்து பேசுகிற நல்ல மனுஷர். எங்களைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டுவார். "ஏத்தக் கூடாது மோளே. லிஸ்டுல பேரு இல்ல" என்பார். ஒருநாள் மழையில் நனைந்து நின்றோம் என்று ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரமே அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டார்.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். டவுன் பஸ் ஒன்று வரும். சீசன் நேரத்தில் அது அருவியில் குளிக்க வந்த கூட்டத்தோடு பிதுங்கிக்கொண்டு, நிற்காமல் போய்விடும். ஊர்ப் பையன்கள் சைக்கிளில் போனார்கள். எங்கள் வீட்டில் சைக்கிள் கிடையாது. அரசாங்கத்தின் இலவச சைக்கிள் வேண்டுமென்றால் பதினொன்றாம் வகுப்பு வரை நடந்தாக வேண்டும்.

அப்பாவுக்கு அருவிக்கரைப் பக்கம் துண்டு, சோப்பு, எண்ணெய் விற்கிற கடை. ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் எங்களுக்குச் சோறு. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான். அப்பா விடியுமுன் கடை திறக்கப் போனால் இருட்டிய பிறகு வருவார். குளிக்க வருகிறவர்களில் குடும்பத்தோடு வருகிறவர்கள் யார், பாட்டிலோடு வருகிறவர்கள் யார் என்று துண்டு வாங்க நீட்டுகிற கையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த ஞானம்தான் எங்களுக்கு வினையானது.

அந்த வருடம் அக்கா எட்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பில்தான் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் அறைக்குள் விடுவார்கள். அக்கா ஏழாம் வகுப்பு முழுக்க அந்த அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோவில் மாதிரி என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பிரிவுக்கு அந்த வார வெள்ளிக்கிழமை முறை வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்காகப் புதன்கிழமையே நகம் வெட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் திரும்பி வரும்போது பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. சீசனில் வண்டிகள் நிற்பது புதிதில்லை. "தண்ணி நல்லா விழுதா?" என்று கேட்பார்கள். நாங்களும் அருவியை வீட்டில் வளர்க்கிறவர்கள் மாதிரிப் பதில் சொல்லுவோம். அன்றைக்கு வண்டிக்குள் ஐந்தாறு ஆண்கள் இருந்தார்கள். தலையெல்லாம் ஈரம். ஒருவன் எங்களை வண்டியில் ஏறி வந்து வழி காட்டச் சொன்னான். இன்னொருவன் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். நான் கையை நீட்டுவதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினாள். முள் குத்தியது, ஒரு செருப்பு போயிற்று. வீட்டுக்கு வந்து நான் அழுதது சிப்ஸுக்காகத்தான்.

அப்பா வந்ததும் அக்காவின் அநியாயத்தை முழுவதுமாக எடுத்துச் சொன்னேன். வண்டியின் நிறம், எத்தனை பேர், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். அக்கா கண்ணால் சாடை காட்டிக்கொண்டே இருந்தாள். நான் அதையும் சேர்த்துச் சொன்னேன். "பாருங்கப்பா, சொல்லாதங்குதா."

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ரெண்டு பேரும் நாளையிலேருந்து வீட்டுல இருங்க. வேன் வந்தா போங்க. இல்லாட்டா வேண்டாம்" என்றார். அக்கா எழுந்தாள். அடுப்படிக்குப் போய் வெறும் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ லீவு கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

விஷயம் பெரியப்பாவிடம் போனது. அப்பாவின் அண்ணன். பட்டாளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் எந்தக் காரியமானாலும் முன்னால் நிற்பார். நின்றால் நேராகத்தான் நிற்பார். ஊரில் வேன் தேவைப்படுகிற பதினேழு பிள்ளைகளின் பெயரையும் வகுப்பையும் எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி, மனு தயாரித்தார். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பள்ளிக்கூடத்தின் நிலையை நேரில் ஆய்வு செய்ய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது.

நேரில் ஆய்வு என்ற வார்த்தையைப் பெரியப்பா இன்ஸ்பெக்சன் என்று படித்தார். அங்கேதான் எல்லாம் தடம் மாறியது. பட்டாளத்தில் இன்ஸ்பெக்சன் என்றால் என்ன அர்த்தமோ அதுதான் அவருக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே ஆள் திரட்டிவிட்டார். வைக்கோல் வெளியேறியது. ஆடுகள் வெளியேறின. தரையைக் கழுவிவிட்டு மூன்று நாள் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலிலிருந்து கேட் வரை செங்கல்லைச் சாய்த்துப் பதித்து, ஒன்று விட்டு ஒன்று காவியும் வெள்ளையும் பூசினார்கள். உடைந்த ஓடுகளுக்குப் பதிலாகத் தன் மாட்டுத் தொழுவத்து ஓடுகளைக் கழற்றிக்கொண்டு வந்து பெரியப்பாவே ஏறி மாட்டினார். அந்தச் சீசனில் அவருடைய மாடுகள் நனைந்தன. அதைப் பற்றிப் பெரியம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

அம்மா ஒருத்திதான் சந்தேகம் கேட்டாள். "அத்தான், மூடிக் கெடக்க பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு வெள்ளையடிக்கது? கெடக்கபடி கெடந்தாத்தான நல்லது?"

பெரியப்பா வெள்ளையடித்துக்கொண்டிருந்த மட்டையைக் கீழே வைத்தார். "வாரது கெவர்மென்ட் ஆபீசரு. குப்பையும் கூளமுமா வச்சுக்கிட்டு வேன் கேக்கவா? நம்ம ஊரப் பத்தி என்ன நெனைப்பாவ? இந்த ஊர்ப் பிள்ளைய எப்படிப்பட்ட பிள்ளையன்னு காட்டணும். பாத்துட்டு வேனக் கையில குடுத்துட்டுப் போவாவ."

புருஷனின் அண்ணனை அதற்கு மேல் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அம்மா போய்க் கோலமாவு எடுத்து வந்தாள்.

எங்களுக்கும் பயிற்சி நடந்தது. யூனிபாரம், எண்ணெய் வைத்த தலை, வரிசை. அதிகாரி உள்ளே வந்ததும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குச் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததற்குப் பேசக் கூடாது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அக்காவைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். மேலே நல்வரவு என்று எழுதிவிட்டு, ஓரத்தில் வகுப்பறைகளில் எழுதுகிற மாதிரியே, பதிவு பதினேழு, வருகை பதினேழு என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சற்று நேரம் தள்ளி நின்று பார்த்தாள். வீட்டில் இருந்த அந்த ஒரு மாதத்தில் அவள் கையில் சாக்பீஸ் பட்டது அன்றைக்குத்தான்.

அதிகாரி வந்த அன்று சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. கண்ணாடி போட்ட, அம்மா வயதுள்ள ஒரு பெண். சேலை ஓரமெல்லாம் சேறு. கூடவே ஃபைல் தூக்கிக்கொண்டு எழுத்தர் ஒருவர். பெரியப்பா விறைப்பாக சல்யூட் அடித்தார். அந்த அம்மா திடுக்கிட்டுக் குடையைக் கை மாற்றிக்கொண்டார். உள்ளே வந்ததும் நாங்கள் எழுந்து வணக்கம் சொன்னோம். அவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார்.

"மூடிக் கிடக்குன்னு மனுவுல எழுதியிருந்தீங்களே சார்?" என்றார் பெரியப்பாவிடம்.

"மூடித்தான் மேடம் கெடந்துச்சு. நீங்க வாரீயன்னு நாங்கதான் ரெடி பண்ணுனோம்" என்றார் பெரியப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமை இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். நான் முதல் வரிசை. அவர் தணிந்த குரலில் பெரியப்பாவிடமும், அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்திருந்த அப்பாவிடமும் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது.

"வாத்தியார் இருக்காரான்னு இந்தப் படிவத்துல கேள்வியே இல்ல சார். ரொம்பப் பழசு. கட்டடம் இருக்கா, சுவர் நல்லாயிருக்கா, கூரை நல்லாயிருக்கா, சுத்துவட்டாரத்துல பிள்ளைங்க இருக்காங்களா, அவ்வளவுதான். இடிஞ்சு கிடந்துச்சுன்னா பயன்படுத்தத் தகுதியில்லைன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன். அடுத்த வாரமே வேன் நின்னிருக்கும். இப்ப நான் என்னன்னு எழுதுறது?"

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சுவரைப் பார்த்தார். எனக்கும் இன்று படிவங்கள் நிரப்புகிற வேலைதான். நமக்குத் தெரிந்ததை எழுத அதில் இடம் இல்லாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா ஒவ்வொரு கட்டமாக டிக் செய்துகொண்டே வந்தார். கூரை என்ற இடத்தில் பேனா நின்றது. எழுத்தரை ஒரு முறை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளைங்களா, மழை பெஞ்சா இங்க ஒழுகுமா?"

ஓட்டின் மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"ஒழுகும் மேடம். நல்லா ஒழுகும். உக்காரவே முடியாது" என்றாள்.

அதிகாரி பேனாவைப் படிவத்தில் வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. பெரியப்பா தொழுவத்து ஓடுகளையெல்லாம் கழற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறி மாட்டியதை நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கொடுத்தவளே நான்தான். என் அக்கா, ஊர் முன்னால், பெரியப்பா முன்னால், ஒரு அதிகாரி முன்னால், பச்சைப் பொய் சொல்லுகிறாள்.

எழுந்து நின்றேன். "இல்ல மேடம். அக்கா பொய் சொல்லுதா. பெரியப்பா ஓடு பூரா மாத்திட்டாவ. நேத்துலேருந்து மழ பெய்யுது, ஒரு சொட்டுகூட விழல."

எல்லோரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். எழுத்தரும் பார்த்தார். கூரை அப்படியே உலர்ந்து இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா" என்றார் அதிகாரி. "ஒரு மூலையிலயாவது?"

அவர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். கையை நேராக வைத்துக்கொண்டு, "ஒரு மூலையிலயும் ஒழுகாது மேடம்" என்று சொல்லிக் கொடுத்தபடியே சத்தமாகச் சொன்னேன். பெரியப்பாவுக்கும் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஒழுகாது மேடம். பத்து வருசத்துக்கு நான் கேரண்டி" என்றார்.

அதிகாரி எழுதினார். அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். எழுந்து போகும்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டார். பிறகு டீயைக்கூடக் குடிக்காமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. உண்மை சொன்ன பிள்ளையை எப்படி அடிப்பது? அம்மா மட்டும் என் தலையில் எண்ணெய் அதிகம் என்று தேவையில்லாமல் கோபித்துக்கொண்டாள். நான் அக்காவைத் தேடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா அழிக்க? நல்லாத்தான இருக்கு?"

"இனி ஆரு பாக்கப் போறா" என்றாள் அக்கா. துடைத்து முடித்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து பழைய இடத்தில் கட்டினாள்.

நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஊர் முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் தலை பின்னிவிடக் கூப்பிட்டாள். நானும் பெரிய மனது பண்ணி அவளை மன்னித்துவிட்டேன். போகட்டும் என்று வாய்விட்டே சொன்னதாக ஞாபகம். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிற இடம் இதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. படிவத்தில் எல்லாமே நல்ல நிலையில் இருந்ததால் எந்த மேசையிலோ யாருக்கோ சந்தேகம் வந்திருக்கிறது. இவ்வளவு நல்ல கட்டடத்தில் ஏன் வாத்தியார் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு டீச்சர் வந்து இறங்கினார். ஆடுகள் மறுபடி வெளியேறின. ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் நடக்கும் என்றார்கள். ஊரே பெரியப்பாவைக் கொண்டாடியது. நான் வீட்டிலிருந்து இரண்டு நிமிடத்தில் பள்ளிக்கூடம் போனேன், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், குண்டானேன்.

சீசன் முடிந்ததும் அக்காவை அனுப்பலாம் என்றுதான் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சீசன் முடிவதற்குள் அவள் வயதுக்கு வந்துவிட்டாள். பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்தில் நீண்ட நாள் வராத பிள்ளை என்று பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அக்கா பீடி சுற்றப் பழகினாள். எங்கள் பக்கத்தில் வீட்டிலிருக்கிற பெண்பிள்ளைகள் எல்லோரும் செய்கிற வேலைதான். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை நிரப்பிச் சுருட்டி நூல் கட்டுகிற வேகத்தில் ஒரே வருடத்தில் அம்மாவைத் தாண்டிவிட்டாள். எனக்கு வீட்டுப்பாடக் கணக்கெல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள், கை நிற்காமல்.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் உண்டு என்ற திருத்தம் அந்தப் பட்டியலில் ஏற மூன்று வருடம் ஆனது. சரியாக நான் ஆறாம் வகுப்புக்குப் போகிற ஜூன் மாதம், எங்கள் ஊருக்கும் வேன் உண்டு என்று உத்தரவு வந்தது. பெரியப்பா கொடுத்திருந்த மனுவை எங்கிருந்தோ தேடி எடுத்து, அதிலிருந்த பெயர்களை அப்படியே அனுமதித்திருந்தார்கள்.

முதல் நாள் எட்டேகாலுக்கு வேன் எங்கள் வாசலில் நின்றது. செங்கோட்டைக்காரர் இல்லை, புது டிரைவர். அப்பா கடைக்குப் போயிருந்தார், அம்மா உள்ளே வேலையாக இருந்தாள். அக்கா பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாரலுக்கு என் தலைமேல் துண்டு ஒன்றைப் பிடித்திருந்தாள். டிரைவர் ஒரு தாளை விரித்து என் பெயரை வாசித்தார்.

"மூணாங் கிளாஸ்?"

"ஆறு" என்றேன் ரோஷத்தோடு.

அவர் தாளில் திருத்திக்கொண்டார். பிறகு அக்காவின் பெயரை வாசித்தார். "எட்டாங் கிளாஸ். இதே வீடுதான் போட்டிருக்கு. எங்க அந்தப் பிள்ள? சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். பெயர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துப் படித்தாள் என்று நினைக்கிறேன். வேனுக்குள் இருந்த பிள்ளைகளை ஒரு முறை பார்த்தாள். பையை என் தோளில் மாட்டி, வாரைச் சரி செய்தாள்.

"அந்தப் பிள்ள இப்ப இங்கன இல்ல அண்ணாச்சி" என்றாள். "இவ மட்டுந்தான். நீங்க கெளம்புங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளேதான் அந்தப் பிள்ளை என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் எனக்கு அப்போது பதினொரு வயது, கொஞ்சம் விவரம் வந்திருந்தது. இந்தத் தடவையாவது அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அக்காவின் பொய்களில் நான் காப்பாற்றிக் கொடுத்தது அந்த ஒன்றைத்தான். அதற்கு அவள் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு, வேன் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாக அவளுக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனேன்.